சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜரில் பூஸ்ட் போதவில்லையா? புல்லியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

என்ஜின் பெல்ட்டால் இம்பெல்லர் என்ற விசிறிச் சக்கரத்தைச் சுற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவதுதான் சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர். அப்படி வரும் கூடுதல் அழுத்தமே பூஸ்ட், அதை பிஎஸ்ஐயில் அளக்கிறோம். பூஸ்ட் போதவில்லை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, சூப்பர்சார்ஜர் புல்லியைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டுவதுதான். சில வண்டிகளுக்கு அதுவே சரியான வழி. ஆனால் பெல்ட் வழுக்கும் வண்டியில் சின்ன புல்லி போட்டால் இன்னும் அதிகமாக வழுக்கும். ஹோஸில் ஓட்டை இருந்தால் அதே ஓட்டை வழியாக இன்னும் அதிகக் காற்று வெளியேறும். ஆகவே இப்போது மாட்டியிருக்கும் புல்லிக்கு வர வேண்டிய பூஸ்ட் வருகிறதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். புல்லிப் பேச்சைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு, ஒரு பதிவு

இம்பெல்லர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதற்கு மூன்று எண்கள் போதும். என்ஜின் ஆர்பிஎம்மை கிராங்க் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுத்து, அதை சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் கியர் விகிதத்தால் பெருக்க வேண்டும். உதாரணமாக கிராங்க் புல்லி 7 அங்குலம், சூப்பர்சார்ஜர் புல்லி 3.5 அங்குலம், உள் கியர் 4.1 என்று வைத்துக்கொள்வோம். 6500 ஆர்பிஎம்மில் இம்பெல்லர் வேகம் 53,300. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே, உங்கள் சூப்பர்சார்ஜருக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் உச்ச இம்பெல்லர் வேகத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்களிடம் மிச்சம் இருக்கும் இடம்.

அடுத்தது, இம்பெல்லர் உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 6000 ஆர்பிஎம்மில் 10 பிஎஸ்ஐ கொடுக்கும் அமைப்பு 3000-இல் சுமார் இரண்டரை பிஎஸ்ஐதான் கொடுக்கும். டர்போவோ ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரோ ஓட்டிப் பழகியவர்கள் "கீழே பூஸ்டே இல்லை" என்று வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். அது பழுது அல்ல, இந்த வகையின் இயல்பு. இந்தக் குறை புதியதும் அல்ல. 1957-இல் ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக் காரில் வந்த மெக்கல்லக் சூப்பர்சார்ஜருக்கு, ஓடும்போதே விகிதம் மாறும் புல்லி வைத்திருந்தார்கள்.

பிறகு ஒரு பதிவு எடுங்கள். டைனோவிலோ (வண்டியின் சக்தியை அளக்கும் உருளை மேடை) ஓட்டப் பாதையிலோ, ஒரே கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, கீழ் ஆர்பிஎம்மிலிருந்து ரெட்லைன் வரை ஒரே ஓட்டம். மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அழுத்தம், ஆர்பிஎம், த்ராட்டில் (காற்றை அனுமதிக்கும் கதவு) திறப்பு, உள்ளே போகும் காற்றின் வெப்பம், காற்று-எரிபொருள் விகிதம் ஆகிய ஐந்தும் பதிவில் இருக்க வேண்டும். "அதிகபட்சம் 7 பிஎஸ்ஐ வந்தது" என்ற ஒற்றை எண்ணை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆர்பிஎம்முக்கு எதிராக பூஸ்ட் எப்படி ஏறியது என்ற கோடுதான் பழுது எந்தப் பக்கம் என்று சொல்லும்.

பூஸ்ட் நன்றாக ஏறுகிறது, மேலே போய் நின்றுவிடுகிறது, அல்லது இறங்குகிறது

இதில் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும்.

இம்பெல்லரைச் சுற்றத் தேவையான சக்தி, வேகத்தைவிடப் பல மடங்கு செங்குத்தாக ஏறும். 4000 ஆர்பிஎம் வரை சமாளித்த பெல்ட் 5500-இல் பிடியை விட்டுவிடும். பதிவில் இது எப்படித் தெரியும் என்றால், கோடு அழகாக வளைந்து ஏறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் சட்டென்று படுத்துவிடும் அல்லது பல்பல்லாக நடுங்கும். அடுத்த கியர் மாற்றியதும் மறுபடி நன்றாக ஏறி, ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி படுக்கும். கிறீச்சென்ற சத்தம் வந்தே தீரும் என்று நினைக்காதீர்கள். ரிப் பெல்ட் (உள்பக்கம் நீளவாக்கில் வரிகள் உள்ளது) சத்தமே இல்லாமல் வழுக்கும்.

என்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சூப்பர்சார்ஜர் பிராக்கெட்டிலும் பக்கத்து ஹோஸ்களிலும் மாவு போலக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் தேய்கிறது. பெல்ட்டைத் திருப்பி உள்பக்க ரிப்களைப் பார்த்தால், நல்ல பெல்ட் மங்கலான கறுப்பாக இருக்கும். வழுக்கிய பெல்ட் மெழுகு பூசியது போலப் பளபளக்கும். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இன்னும் சுலபம். ஒரு முழு ஓட்டம் முடிந்தவுடன் ஒவ்வொரு புல்லியின் சூட்டையும் பாருங்கள். மற்றவற்றைவிட வெகுவாகக் கொதிக்கும் புல்லியில்தான் பெல்ட் வழுக்குகிறது. பெரும்பாலும் அது சுற்றிலேயே சின்னதான சூப்பர்சார்ஜர் புல்லியாக இருக்கும். சந்தேகமே வேண்டாம் என்றால், அந்தப் புல்லியில் மின்னும் டேப் ஒட்டி, டைனோவில் ஆப்டிகல் டாக்கோமீட்டரால் அதன் வேகத்தை அளந்து, மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் புல்லி 13,000 சுற்ற வேண்டிய இடத்தில் 11,800 சுற்றினால், இனி வேறு எதையும் தேட வேண்டாம்.

வழுக்குகிறது என்றதும் டென்ஷனைக் கூட்டிக்கொண்டே போவது சோம்பேறி வைத்தியம். ஓரளவுக்கு மேல் இறுக்கினால் சூப்பர்சார்ஜரின் முன் பேரிங் போகும், கிராங்கின் முன் பேரிங்கும் சேர்ந்து அடி வாங்கும். முதலில் பிடிப்பரப்பைப் பாருங்கள். சூப்பர்சார்ஜர் புல்லியை பெல்ட் பாதிச் சுற்றாவது தழுவியிருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ஐட்லர் புல்லியை (பெல்ட்டின் பாதையை மட்டும் திருப்பும் புல்லி) நகர்த்தியோ கூடுதலாக ஓர் ஐட்லர் வைத்தோ தழுவலைக் கூட்டுங்கள். கைக்கு எட்டும் விலையில் அதிகப் பலன் கிடைப்பது இந்த ஒரு மாற்றத்தில்தான். அடுத்தது நேர்க்கோடு. கிராங்க் புல்லி முகத்தில் ஒரு நேர்ச் சட்டத்தை வைத்து சூப்பர்சார்ஜர் புல்லி வரை பாருங்கள். ஒரு ரிப் அளவு தள்ளியிருந்தாலும் பெல்ட்டின் ஓரம் கிழியத் தொடங்கும். வண்டி நிற்கும்போது நேராக இருந்து சுமையில் பிராக்கெட் வளைந்துகொடுப்பதும் உண்டு. தேய்ந்த ஓரம் அதைக் காட்டிக்கொடுக்கும். கிராங்கின் முன் சீலிலிருந்தோ பவர் ஸ்டீயரிங் பைப்பிலிருந்தோ எண்ணெய் கசிந்து பெல்ட் நனைகிறதா என்பதையும் பாருங்கள். நனைந்த பெல்ட்டைத் துடைத்து மறுபடி போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே பக்கமே போகாதீர்கள். சத்தம் அடங்கும், தூசி ஒட்டும், சில நாளில் பழைய நிலையைவிட மோசமாக வழுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வழுக்கினால் 6 ரிப்பிலிருந்து 8 ரிப்புக்குப் போகலாம். அல்லது இரண்டு புல்லிகளையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கலாம். விகிதம் மாறாது, பிடிக்கும் பரப்பு கூடும். பல் வைத்த காக் பெல்ட் வழுக்கவே வழுக்காது. ஆனால் கியர் மாற்றும்போது வரும் திடீர் அதிர்ச்சியை அது உள்வாங்காமல் அப்படியே சூப்பர்சார்ஜரின் கியருக்கு அனுப்பிவிடும். தெருவில் ஓடும் வண்டிக்கு அதை நான் கடைசியாகத்தான் சொல்வேன்.

பெல்ட்டில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் வேகம் குறைகிறது என்றால் கிராங்க் புல்லியையே சந்தேகியுங்கள். பல என்ஜின்களில் அது ஒரே துண்டு அல்ல. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் தனியாக நழுவும். குடத்திலிருந்து வளையம் வரை பெயின்ட்டால் ஒரே நேர்க்கோடு போட்டுவிட்டு ஒரு முழு ஓட்டம் ஓட்டி வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால், இத்தனை நாள் பெல்ட்டைத் திட்டியது வீண். புல்லியை உடனே மாற்ற வேண்டும். அந்த வளையம் கழன்று பறந்தால் ரேடியேட்டரோடு நிற்காது.

இதே தோற்றம் தரும் வேறு மூன்று காரணங்கள் உண்டு. கோடு ஸ்கேல் வைத்து வரைந்தது போலத் துல்லியமாக நேராகப் படுத்தால் அது சென்சாரின் எல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் ஒரு பார் வகை என்றால், அதனால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எதையும் காட்ட முடியாது, இரண்டு பார் சென்சார் 14 அல்லது 15 பிஎஸ்ஐயோடு முடிந்துவிடும். பூஸ்ட் உண்மையில் ஏறிக்கொண்டிருக்கும், கணினிக்குத்தான் தெரியாது. இது ஆபத்து, அந்த வண்டியை முழு மிதியில் ஓட்டாதீர்கள். இரண்டாவது, ஃபில்டரிலிருந்து சூப்பர்சார்ஜருக்கு வரும் ஹோஸ் மேல் ஆர்பிஎம்மில் உள்ளுக்குள் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்வது. சூடான பின் கையால் அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் போடுங்கள். மூன்றாவது, சூப்பர்சார்ஜர் அந்த என்ஜினுக்குச் சின்னதாக இருப்பது. அப்போது கோடு நடுங்காமல் மெல்ல வளைந்து இறங்கும், வெளிவரும் காற்றின் சூடு மட்டும் எகிறும். தயாரிப்பாளர் தரும் கம்ப்ரசர் மேப் என்ற வரைபடத்தில், காற்றோட்டத்தின் எல்லையான வலது ஓரத்தைத் தாண்டிவிட்டீர்கள். இங்கே சின்ன புல்லி போட்டால் கிடைப்பது வெப்பம் மட்டுமே.

கோட்டின் வடிவம் சரி. ஆனால் அடியிலிருந்து நுனி வரை குறைவு

பெல்ட்டை விட்டுவிடுங்கள். காற்று எங்கோ வெளியேறுகிறது, அல்லது உள்ளே வரும்போதே குறைகிறது, அல்லது பழுதே இல்லை.

முதலில் பைபாஸ் வால்வு, அதாவது காலை எடுக்கும்போது மிஞ்சும் காற்றை வெளியே விடும் வால்வு. அதன் மேல் அறைக்குப் போகும் சின்னக் குழாய் த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வர வேண்டும். பூஸ்ட் வரும்போது டயாஃப்ரத்தின் மேலும் கீழும் ஒரே அழுத்தம் நின்று, ஸ்பிரிங் வால்வை மூடிப் பிடிக்கும். அந்தக் குழாய் வெடித்திருந்தால், வேறு இடத்தில் மாட்டியிருந்தால், டயாஃப்ரம் கிழிந்திருந்தால், பூஸ்ட்டே வால்வைத் தள்ளித் திறந்துவிடும். கை வேக்கம் பம்ப்பை அந்த முனையில் மாட்டி இழுத்துப் பாருங்கள். வால்வு திறந்து, ஒரு நிமிடமாவது வேக்கம் இறங்காமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அடுத்தது லீக் சோதனை. சூப்பர்சார்ஜரின் வெளிவாய் ஹோஸைக் கழற்றி, டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியால் அதை அடைத்து, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரிலிருந்து காற்று விடுங்கள். 10 பிஎஸ்ஐ போதும். மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். சிலர் சூப்பர்சார்ஜரின் உள்வாயில் மூடி போட்டுச் சோதிக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் ஷாஃப்ட் சீல் மேல் எதற்கு அழுத்தம்? இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. த்ராட்டில் மூடியிருந்தால் அழுத்தம் மேனிஃபோல்டுக்குப் போகாது, பைபாஸ் வால்வின் மேல் அறை காலியாக இருக்கும், நல்ல வால்வுகூடத் திறந்துகொண்டு லீக் போலக் காட்டும். த்ராட்டிலைத் திறந்து வைத்துச் சோதியுங்கள். அப்போது கொஞ்சம் காற்று பிஸ்டன் ரிங் வழியாக இறங்கும், அது இயல்பு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் வழியாக ஓடினால் கிராங்கைச் சற்றுத் திருப்பி வால்வுகள் மூடும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். இன்டர்கூலரின் ஓர வெல்டிங், கப்ளர்கள், இன்ஜெக்டர் ஓ-ரிங், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயின் ஒருவழி வால்வு எதையும் விடாதீர்கள். கழன்று கழன்று வரும் கப்ளர் என்றால் பைப்பின் முனையில் மேடு இல்லை அல்லது உள்ளே எண்ணெய்ப் படலம் இருக்கிறது. ஆல்கஹாலால் துடைத்து, டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள்.

எண்ணெய் பார்க்கும் குச்சி தானாக மேலே எழும்பி நிற்கிறதா? பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் வாயுவை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் ஒருவழி வால்வு) எதிர்த்திசையில் அடைக்கவில்லை, பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. பூஸ்ட் இழப்பைவிட, அதனால் ஒவ்வொரு சீலிலும் எண்ணெய் கசியத் தொடங்குவதுதான் பெரிய செலவு.

உள்வாய்ப் பக்கம் சின்ன அடைப்புக்கும் விலை பெரிது. சூப்பர்சார்ஜர் செய்வது உள்ளே வரும் அழுத்தத்தைப் பெருக்குவது. 1.6 மடங்கு பெருக்குகிறது என்றால், ஃபில்டரில் 1 பிஎஸ்ஐ இழந்தால் வெளிவாயில் 1.6 பிஎஸ்ஐ போகும். ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் ஒரு வேக்கம் கேஜ் மாட்டி முழு ஓட்டம் ஓட்டினால் உண்மை தெரியும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ஃபெண்டர் சுவரோடு ஒட்டி நின்று பாதி முகம் மூடிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதே பெருக்கல்தான் மலைப்பகுதிக்கும். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ, 1.6 மடங்கு என்றால் கேஜில் 8.8 தெரியும். 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 12.3 தான், அதே அமைப்பு 7.4 காட்டும். எதையும் கழற்ற வேண்டாம். கொதிக்கும் வெயிலில் ஒன்றரை பிஎஸ்ஐ வரை குறைந்து குளிர்ந்த காலையில் திரும்பி வருவதும் இதேபோல் பழுது அல்ல.

பூஸ்ட் சூப்பர்சார்ஜர் வாயில் இருக்கிறது, மேனிஃபோல்டில் இல்லை

இரண்டு இடத்திலும் கேஜ் மாட்டி ஒரே ஓட்டத்தில் அளந்தால்தான் இது தெரியும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முன்னும் பின்னும் 1 பிஎஸ்ஐ வித்தியாசம் சகஜம். 2-ஐத் தாண்டினால் கோர் சின்னது அல்லது உள்ளே எண்ணெய் அடைத்திருக்கிறது. இன்டர்கூலரைத் தாண்டி, த்ராட்டிலில் விழுகிறது என்றால் திறப்பைப் பாருங்கள். கால் முழுக்க மிதித்திருந்தும் பதிவில் 70 சதவீதம் என்று நின்றால், கேபிள் வண்டியில் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் அல்லது மிதியடி தடுக்கிறது. எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் கணினியே டார்க்கைக் கண்டு பயந்து மூடுகிறது, டார்க் வரம்புகளை ட்யூனர் திருத்த வேண்டும்.

ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) மாற்றினேன், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றினேன், பூஸ்ட் குறைந்துவிட்டது

நல்ல செய்தி. கேஜ் காட்டுவது, என்ஜின் விழுங்க முடியாமல் மேனிஃபோல்டில் தேங்கும் காற்றின் அழுத்தம். என்ஜின் சுலபமாக மூச்சுவிடத் தொடங்கினால் தேக்கம் குறையும், கேஜ் இறங்கும், சக்தி ஏறும். 9 பிஎஸ்ஐ இருந்தது 7.5 ஆனதே என்று யாராவது புலம்பினால் டைனோத் தாளைக் கேட்பேன். சக்தி கூடியிருந்தால் கேஜை மறந்துவிடலாம்.

பூஸ்ட் வழக்கத்தைவிட அதிகம். வண்டி மட்டும் இழுக்கவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. பூஸ்ட் கூடுவதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள், அதனால் தாமதமாகத்தான் பிடிபடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே உருகி அடைத்திருக்கலாம். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தக் கேஜ் மாட்டிப் பாருங்கள். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருக்கலாம். மேல் ஆர்பிஎம்மில் மட்டும் என்றால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஏனென்றால் இன்டேக் வால்வின் முதுகில் பூஸ்ட்டும் சேர்ந்து தள்ளுகிறது.

முதல் ஓட்டம் அபாரம். மூன்றாவது ஓட்டத்தில் சோர்வு

உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை ஓட்டம் ஓட்டமாக ஒப்பிடுங்கள். ஏறிக்கொண்டே போனால் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் இல்லை. தண்ணீரால் குளிரும் வகை என்றால் அதன் பம்ப் ஓடுகிறதா, குழாயில் காற்றுக் குமிழி அடைத்திருக்கிறதா பாருங்கள். வெப்பம் ஏறாமல் பூஸ்ட் மட்டும் இறங்கினால் சூடேறிய பெல்ட் வழுக்குகிறது. கியருக்குப் பதில் உருளைகளின் உராய்வால் சுற்றும் டிராக்ஷன் வகை சூப்பர்சார்ஜரில், எண்ணெய் அதிகம் சூடாகிவிட்டாலோ தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய்க்குப் பதில் வேறு ஊற்றியிருந்தாலோ உள்ளேயே வழுக்கும். அங்கே எண்ணெய்தான் கியர்.

சத்தங்கள்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் படபடவென்று அடித்தால் சர்ஜ், அதாவது போக வழியில்லாத காற்று இம்பெல்லர் பக்கமே திரும்பி மோதுகிறது. பைபாஸ் வால்வு திறக்கவில்லை அல்லது சின்னது. நேர்ப்பல் கியர் வைத்தவை ஐட்லிங்கில் கடகடப்பது இயல்பு. உரசும் சத்தமோ, எண்ணெயில் வெள்ளித்தூளோ வந்தால் மேலே ஓட்டாதீர்கள். உள்வாய் ஹோஸைக் கழற்றி இம்பெல்லர் ஓரங்களைப் பார்த்து, மெல்ல விரலால் ஆட்டிப் பாருங்கள். ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தால் இறக்கியே ஆக வேண்டும்.

எல்லாம் சரி, இன்னும் வேண்டும்

இப்போது புல்லி. பழைய உதாரணத்தில் 3.5 அங்குலத்தை 3.25 ஆக்கினால் இம்பெல்லர் 57,400 சுற்றும். வேகம் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடுகிறது, ஆனால் வர்க்கக் கணக்கில் 8 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 9.3 ஆகும், பெல்ட்டின் சுமை கிட்டத்தட்ட கால்வாசி கூடும். தயாரிப்பாளரின் உச்ச வேகத்தை ரெட்லைனில் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ரெட்லைனைத் தாண்டி ஒரு தடவை கியர் தவறவிட்டாலும் இம்பெல்லர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட் என்றால், மேலே சின்ன புல்லி போடுவதைவிடக் கீழே பெரிய கிராங்க் புல்லி போடுவதே என் விருப்பம், பிடிப்பரப்பு குறையாது. ஒரே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் ஓடினால் அவையும் சேர்ந்து வேகமெடுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

எரிபொருள் பக்கம் இடம் இருக்கிறதா என்பதை, இன்ஜெக்டர் திறப்பு நேரத்தையும் எரிபொருள் அழுத்தத்தையும் சேர்த்து ஒரு பதிவெடுத்துப் பார்த்துவிடலாம். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் ஏற்கெனவே 85 சதவீதத்தைத் தொட்டிருந்தால், மேல் ஆர்பிஎம்மில் எரிபொருள் அழுத்தம் இறங்கியிருந்தால், புல்லி பெட்டியிலேயே இருக்கட்டும். பெட்ரோலில் முழுச் சுமைக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகமாகவும், இடைவெளி முன்பைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பூஸ்ட் தீப்பொறியை ஊதி அணைத்துவிடும், அது மேலே திக்கும் திணறலாகத் தெரியும். இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு வைத்துத் தொடங்கி, நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல்) இல்லை என்று உறுதியான பிறகே முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

புல்லி மாறினால் பெல்ட்டின் நீளமும் மாறும். பழைய பெல்ட்டை டென்ஷனரின் கடைசி எல்லைக்கு இழுத்து ஓட்டாதீர்கள். புது பெல்ட் போட்டு, கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி டென்ஷன் வையுங்கள், புது பெல்ட் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். அதன் பிறகு முழு மிதியில் ஓர் ஓட்டம் ஓட்டி, புதுப் பதிவைப் பழைய பதிவின் மேல் வைத்துப் பாருங்கள். 5000-க்குக் கீழே கூடி, மேலே பழைய கோட்டிலேயே வந்து ஒட்டினால் பெல்ட் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.